கைக்கு அடிக்கிற இடம்

ஸ்டியரிங்கில் தட்டுகிறது என்று யார் வண்டி கொண்டுவந்தாலும், சாவியை வாங்கிக்கொண்டு முதலில் திருச்சியின் காவிரிப் பாலத்துக்குத்தான் போவேன். சிந்தாமணிப் பக்கம் ஏறி மாம்பழச்சாலையில் இறங்கி, வந்த வழியே திரும்புவேன். 541 மீட்டர் நீளம். 1976-ல் அந்தப் பாலம் வந்தபோது நான் பாலக்கரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எடுபிடிப் பையன். அன்றிலிருந்து அதுதான் எனக்குச் சோதனைச் சாலை. பாலத்தின் துண்டுகள் சேரும் இடத்தில், வெயிலுக்கு விரியவும் குளிருக்குச் சுருங்கவும் இடைவெளி விட்டிருப்பார்கள். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் சக்கரம் டக், டக் என்று தாளம் தப்பாமல் அதில் விழுந்து எழும். நல்ல வண்டி அந்த அடியைச் சீட்டுக்குக் கீழேயே வாங்கிக்கொள்ளும். எங்கேயோ ஆட்டம் கண்ட வண்டியில் அது உள்ளங்கை வரை வந்துவிடும்.

"கைக்கு அடிக்குதா, காதுக்குக் கேக்குதா?" வண்டிக்காரரிடம் பாய் கேட்கிற முதல் கேள்வி இது. என் குருநாதரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பாலக்கரை முழுக்க அவர் பாய்தான். இரண்டாவது கேள்வி, எப்போது? பள்ளத்திலா, திருப்பும்போதா, பிரேக் போட்டாலா, நின்ற இடத்தில் வளைத்தாலுமா? பதில் வரும்வரை ஸ்பேனரைத் தொட விடமாட்டார். அந்தப் பொறுமை எனக்கு வர இருபது வருஷம் ஆயிற்று.

தட்டிப் பார்த்து நோய் அறிகிற பழக்கம் எங்கள் வீட்டில் எனக்கு முன்பே இருந்தது. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920-களில் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாறியது. எங்கள் அப்பா அங்கே ஃபிட்டர். பொன்மலைச் சங்கு ஊதும் நேரத்தை வைத்துத்தான் எங்கள் தெருவில் உலை வைப்பார்கள். நீளமான பிடி போட்ட சுத்தியலால் பெட்டியின் சக்கரத்தைத் தட்டினால், முழுச் சக்கரம் மணிபோல் ரீங்கரிக்கும், கீறல் விட்டது மண்பானைபோல் மொத்தென்று சொல்லும் என்று அப்பா சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்தார். ரயிலுக்கு அவ்வளவு போதும். அதற்கு ஸ்டியரிங் கிடையாது. தண்டவாளம் சொன்ன வழியில் போகிறது.

ஸ்டியரிங் இல்லாத இன்னொரு வண்டியையும் பார்த்தே வளர்ந்தேன். ஸ்ரீரங்கத்துத் தேர். விருப்பன் திருநாளில் சித்திரைத் தேர் சித்திரை வீதிகளில் வரும். தைத் தேர் உத்திர வீதிகளில் வரும். அச்சு வளையாது, சக்கரம் திரும்பாது. முன்னால் வடம் பிடிக்கிற ஆயிரம் பேருக்கும் இழுக்கத்தான் முடியும். திருப்புகிறவர்கள் சக்கரத்தடியில் குனிந்தபடி ஓடிவரும் சிலர். மூலை நெருங்கும்போது ஒரு பக்கச் சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டையைச் சொருகுவார்கள். அந்தப் பக்கம் கட்டையில் ஏறித் தயங்கிச் சறுக்கும், மறுபக்கம் முன்னேறும். தேர் முகம் கொஞ்சம் திரும்பும். மறுபடி ஒரு கட்டை, மறுபடி கொஞ்சம். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை. தேரடியில் நின்று பார்த்தவர்களுக்கு அது வழிகாட்டி. திருவெறும்பூரில் உள்ள பெல் தொழிற்சாலை திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்துகொடுத்தது. அங்கேயும் திருப்புகிற வேலை முட்டுக்கட்டையிடமே இருக்கிறது.

தேரை இங்கே இழுத்துவந்ததற்குக் காரணம் உண்டு. தேர் திரும்பும்போது கேட்பதெல்லாம் மரமும் கல்லும் உரசும் சத்தம். திருப்புவதற்கென்று மூட்டு ஒன்றும் அதில் இல்லாததால், தேய்ந்துபோய்த் தட்டுவதற்கும் ஒன்றும் இல்லை. மூட்டு வந்தது குதிரை வண்டிகளோடு. வண்டி வளையும்போது உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் போகிறது. இரண்டையும் ஒரே கோணத்தில் திருப்பினால் ஒன்று இழுபடும். மியூனிக்கைச் சேர்ந்த வண்டி செய்பவர் லாங்கன்ஸ்பெர்கர் இதற்கு ஒரு வழி கண்டார். ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்தனி ஆணியில் திரும்பும், கைகளும் தண்டும் இரண்டையும் இணைக்கும். அவருக்காக 1818-ல் லண்டனில் காப்புரிமை வாங்கிய ஆக்கர்மானின் பெயர்தான் அதற்கு நிலைத்துவிட்டது. இன்று ஓடும் கார்களுக்கும் அடிப்படை அதுவே. தண்டு இருந்தால் முனையில் மூட்டு வேண்டும். மூட்டு அசைய வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. அசைவுக்கும் ஆட்டத்துக்கும் நடுவே உள்ள அந்த நூலளவு இடத்தில்தான் என் ஐம்பது வருஷப் பிழைப்பு ஓடியது.

பாய் தொழில் கற்றது பஸ் பணிமனைகளில். அந்தக் காலத்துப் பஸ்ஸுக்கு நோய் என்றால் முன்சக்கரம் திரும்பும் ஆணியான கிங்பின்தான். பின் தேயும், புஷ் தேயும், முன்சக்கரம் லொடலொடவென்று ஆடும். பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்து, புதியதை அடித்து ஏற்றி, ரீமர் போட்டு, பின் கைக்கு இறுக்கமாக இறங்கும்வரை கடைவார்கள். நான் சேர்ந்தபோது பட்டறையில் அம்பாசடர்களும் ஃபியட்களும் இருந்தன, நடுவே சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்றிரண்டு. ஹெரால்டை நான் மிகவும் நேசித்தேன். முன்சக்கரம் அப்படி மடங்கும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். ஸ்ரீரங்கத்துச் சந்துகளுக்கென்றே செய்ததுபோல் இருக்கும். அம்பாசடர் ரேக் பினியன் வண்டி. ஃபியட்டில் ஸ்டியரிங் பெட்டி. பிளே அதிகமானால் பெட்டியின் திருகைக் கொஞ்சம் முடுக்கிச் சரிசெய்யலாம். அதிகமாக முடுக்கினால் ஸ்டியரிங் கனத்துப்போய், வளைத்த பிறகு தானாகத் திரும்பாது.

அம்பாசடரின் முன்பக்கத்துக்குக் கிரீஸ்தான் உயிர். மாதம் ஒருமுறை கன் வைத்து, பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கிப் புதியது எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். அடிக்காமல் ஓட்டிய டாக்ஸிகள் பாலத்தில் ஏறும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த வண்டிகளில் கோளாறு இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. திறந்து பார்ப்போம், தேய்ந்ததைக் கடைந்து போடுவோம், கூலியும் கிரீஸும்தான் போகும்.

பாய் சொல்லிக்கொடுத்த சோதனையை இன்றும் மாற்றவில்லை. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கு. கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் இரண்டு கையையும் வைத்து ஆட்டு. ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். ஒரு பையனைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டு. ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் ஜாயிண்ட். பிறகு 9, 3. அதில் மட்டும் ஆடினால் டை ராட் பக்கம். இதெல்லாம் முடிந்து வண்டியை இறக்கிய பிறகுதான் முக்கியமான வேலை. சக்கரம் தரையில் பாரத்தோடு நிற்க வேண்டும். மேலே ஒருவன் ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலத்துக்கு இடதும் வலதுமாகச் சிலுப்பிக்கொண்டே இருப்பான். கீழே நாம் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்து வர வேண்டும். காது ஏமாற்றும்; ஒரு மூட்டில் பிறந்த சத்தம் கம்பி வழியே ஓடி நாலு இடத்தில் கேட்கும். விரல் அவ்வளவு சுலபமாக ஏமாறாது. தேய்ந்த மூட்டில் இரண்டு பாகமும் ஒன்றாக அசையாமல், ஒன்று முந்தி ஒன்று பிந்தி வரும். அந்தப் பிந்தல் விரல் நுனியில் சின்னத் துடிப்பாகத் தெரியும். நாடி பார்ப்பது மாதிரி.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. பிறகு வந்த கார்களில் கிரீஸ் நிப்பிளே காணாமல் போயிற்று. ஜாயிண்டுக்குள் கிரீஸை வைத்து, ரப்பர் உறை போட்டு மூடியே அனுப்புகிறார்கள். உறை கிழிந்தால் மணலும் தண்ணீரும் போய் ஜாயிண்ட் முடிந்தது. கழற்றிப் புதியது மாட்ட வேண்டியதுதான். கடைகிற வேலை எங்கள் கையைவிட்டுப் போனது. எனக்கு அதில் வருத்தம் இருந்தது; ஆனால் மூடிய ஜாயிண்ட் பல வருஷம் கவனிப்பில்லாமல் ஓடுகிறது என்பதையும் பார்த்துவிட்டேன். பாகங்களும் வெகுதூரத்திலிருந்து வருவதில்லை. திருச்சியிலிருந்து மதுரை ரோட்டில் முப்பது கிலோமீட்டர் போனால், மயிலும் முருகனும் இருக்கும் விராலிமலைக்குப் பக்கத்தில் ரானே குழுமத்தின் ஸ்டியரிங் தொழிற்சாலை இருக்கிறது.

கடைகிற வேலை போன பிறகு கண்டுபிடிக்கிற வேலையின் கனம் கூடியது. 1994-ல் அதை நான் வலிக்க வலிக்கக் கற்றேன். தில்லைநகர் டாக்டர் ஒருவரின் மாருதி. கைக்கு அடிக்கிறது என்றார். பாய் அப்போது படுக்கையில் இருந்தார். அவசரப்பட்டு ரேக்கை மாற்றினேன். அடி அப்படியே இருந்தது. ஸ்டியரிங் தண்டு ரேக்கோடு சேரும் இடத்திலுள்ள சின்ன கிராஸ் ஜாயிண்ட்தான் தேய்ந்திருந்தது. நின்ற இடத்தில் வளைத்தாலும் தட்டுகிறது என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். பள்ளமே இல்லாமல் தட்டினால் மேலே தேடு என்று பாய் எத்தனை முறை சொல்லியிருப்பார்! ரேக்கின் விலையை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தேன். படுக்கையில் பாயிடம் சொன்னபோது, "அவர் சொன்னதக் கேட்டியா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது ஸ்டியரிங்கைத் திருப்ப மின்மோட்டார் உதவுகிறது. கோளாறு என்றால் ஸ்கேனரை மாட்டுகிறார்கள். மோட்டாரோ சென்சாரோ கெட்டால் அது எண் காட்டும். மிக நல்ல கருவி, என்னிடமும் இருக்கிறது. ஆனால் தேய்ந்த ரப்பருக்கும் தளர்ந்த போல்ட்டுக்கும் அதில் எண் கிடையாது. திரையில் ஒன்றும் வரவில்லை, அதனால் முழு ரேக்கையும் மாற்று என்று எழுதிக்கொடுத்த சீட்டோடு மனிதர்கள் என்னிடம் வருகிறார்கள். பல ஆயிரம் ரூபாய்ச் சீட்டு. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உத்திர வீதியிலிருந்து அப்படித்தான் வந்தார். வெகுநாளாகவே தட்டல்; பாலத்தின் இணைப்புகள் பெயர்ந்து கிடந்த காலம் என்பதால் பாலத்தின் மேல் பழியைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். 2022-ல் பாலத்தை மூடிப் பழுதுபார்த்து 2023 மார்ச்சில் திறந்தார்கள். புது இணைப்புகளில் ஊர் வண்டியெல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. "என் வண்டி மட்டும் இன்னும் தட்டறதே மேஸ்திரி" என்றார். எப்போது என்று கேட்டேன். யோசித்தார். மாம்பழச்சாலை இறக்கத்தில் பிரேக் போடும்போது ஒன்று கூடுதலாக அடிக்கிறது என்றார்.

என் பட்டறைப் பையன் ஸ்டியரிங்கைச் சிலுப்ப, நான் கீழே போனேன். டை ராட் அமைதி. ரப்பர் உறையை அழுத்தி உள்ளே ரேக் முனையைத் தொட்டேன், அதுவும் அமைதி. பிரேக்கை மிதித்துக்கொண்டே வண்டியை முன்னும் பின்னும் தள்ளச் சொன்னேன். லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷில் விரல் துள்ளியது. ரப்பர் இரும்பைவிட்டுப் பிரிந்திருந்தது. ஆர்ம் பின்னால் நகர்ந்தால் சக்கரம் சற்றே திரும்பும், அது டை ராடைத் தள்ளும், டை ராட் ரேக்கைத் தள்ளும், ரேக் கையைத் தள்ளும். ரேக் சேதி கொண்டுவந்தது, அவ்வளவுதான். பையனைக் கீழே வரச் சொல்லி, அவன் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். "அண்ணே, துடிக்குது" என்றான்.

மாலைக்குள் புஷ் மாறியது. சாவியை ஆசிரியரிடமே கொடுத்து ஓட்டச் சொன்னேன். நான் பக்கத்தில், பையன் பின்னால். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பேசாமல் பாலத்தைக் கடந்தார். மாம்பழச்சாலை இறக்கத்தில் நான் சொல்லாமலே பிரேக்கை ஒருமுறை மிதித்தார். விட்டுவிட்டு இன்னொரு முறை மிதித்தார். அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். வண்டியைத் திருப்பி மறுபடியும் பாலத்தில் ஏற்றினார்.