கல்லில் நின்ற அதிரசமும் கையில் வாழ்ந்த பலகாரமும்

தீபாவளியாயினும் ஆலயத் திருவிழாவாயினும் தமிழர் இல்லங்களில் முதலில் மணப்பது பாகு காய்ச்சும் அடுப்பேயாகும். இறைவனுக்குப் படைத்து, பெரியோருக்கும் அண்டை அயலாருக்கும் வழங்கி, அதன் பின்னரே குடும்பத்தார் உண்பது தொன்றுதொட்டு வரும் மரபு. ஆதலின் பலகாரத்தின் வரலாறு வழிபாட்டின் வரலாற்றோடும், கடல் கடந்த தமிழரின் குடியேற்ற வரலாற்றோடும் பின்னிப் பிணைந்துள்ளது. ஆலய மடைப்பள்ளியின் கணக்குகள் கல்லில் பொறிக்கப்பட்டு நிலைபெற்றன. இல்லத்து அடுப்படியின் கணக்குகளோ அன்னையரின் கைகளிலேயே தங்கிவிட்டன. இவ்வேறுபாடு எண்ணிப் பார்க்கத் தக்கது.

மடைப்பள்ளிக் கணக்கு

சங்க நூல்களுள் ஒன்றான மதுரைக்காஞ்சி, அடையும் மோதகமும் செய்து விற்ற கூவியர் என்பாரைக் குறிப்பிடுகின்றது. எனினும், எப்பொருள் எவ்வளவு சேர்க்கப்பட்டது என்பதை அறிய ஆலயக் கல்வெட்டுகளையே நாட வேண்டியுள்ளது. 1010-ஆம் ஆண்டில் முதலாம் இராசராசன் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலில், பிள்ளையாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழங்கள் படைப்பதற்காக வணிகரிடம் முதல் வைக்கப்பட்ட செய்தி கல்லில் உள்ளது.

திருமலை, திருப்பதி ஆலயங்களில் காணப்படும் கல்வெட்டுகளுள் மிகப் பல தமிழில் அமைந்தவை. அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி என்னும் பெயர்களால் பணியாரப் படையல்களை அவை வகைப்படுத்துகின்றன. கிருஷ்ணதேவராயர் ஆட்சி புரிந்த 1509 முதல் 1529 வரையிலான காலத்திலேயே அரிசி மாவு, வெல்லம், நெய், மிளகு ஆகியவற்றால் அதிரசம் செய்யப்பட்டது. கொடையாளர் அளித்த முதலுக்குரிய படையல் பிற்காலத்தில் குறைந்துவிடலாகாது என்னும் நோக்கத்துடனேயே அளவுகள் பொறிக்கப்பட்டன. அந்த முன்னெச்சரிக்கையின் பயனாகவே, ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அப்படையலைப் பற்றி அறிய முடிகின்றது.

கடல் கடந்த கைப்பக்குவம்

மலாக்காவில் 1781-இல் ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயமும், சிங்கப்பூரில் 1827-இல் ஸ்ரீ மாரியம்மன் ஆலயமும், பினாங்கில் 1833-இல் மகா மாரியம்மன் ஆலயமும் தோன்றின. கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயம் 1873-இல் நிறுவப்பட்டது. தொடக்கத்தில் வந்த தொழிலாளருள் பெரும்பாலோர் ஆடவரே. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டதன் பின்னர், கங்காணி வழியாகவும் பிற வழிகளாலும் பெண்களும் குடும்பங்களும் பெருகி வந்தனர். அவர்களுடனேயே ஊர்ப் பலகாரங்களும் தோட்டத்து லயன் வீடுகளில் குடிபுகுந்தன.

இங்கு ஒரு செய்தி நினைவுகூரத் தக்கது. இரப்பர் தோட்டங்களுக்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் தமிழர் உழைத்தனர். உலகச் சந்தைக்குச் சென்ற சீனியின் பின்னணியில் அவர்தம் வியர்வையும் இருந்தது. அவர்கள் வீட்டிலோ தீபாவளி அதிரசத்திற்குரிய வெல்லம் காசு கொடுத்து வாங்க வேண்டிய பண்டமாக இருந்தது.

அக்கால அன்னையருள் மிகப் பலர் எழுத்தறியும் வாய்ப்புப் பெறாதவர்கள். ஊரில் அவர்கள் அறிந்த அளவைகள் படியும் ஆழாக்கும். 8 ஆழாக்கு ஒரு படி. மலாயாவிலோ கந்தாங்கும் கட்டியும் வழங்கின. ஒரு கட்டி ஏறத்தாழ 605 கிராம். இவ்விரு முறைகளுக்கும் இடையே, தீர்ந்துபோன கெட்டிப்பால் தகரக் குவளையே பல இல்லங்களில் அரிசிக்கும் மாவுக்கும் அளவையாயிற்று. 1970-களில் மலேசியாவும் சிங்கப்பூரும் மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கின. ஆயினும் அடுப்படியில் பால் தகரம் தன் பதவியை எளிதில் இழந்துவிடவில்லை.

அதிரசம் செய்யும் முறையை நோக்கினால், அளவை மட்டும் அறிந்தால் போதாது என்பது விளங்கும். பச்சரிசியை ஊற வைத்து, நீரை வடித்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றிலும் போகுமுன் இடித்துச் சலிக்க வேண்டும். ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ வெல்லம் பொருந்தும். பாகை நீரில் ஒரு துளி விட்டால், விரலால் உருட்டும் அளவுக்கு மென்மையாகத் திரள வேண்டும். அப்பதம் தவறிப் பாகு முற்றினால் அதிரசம் கல்லாகும். இளகினால் எண்ணெயில் பிரிந்து போகும். ஏலக்காயும் சுக்கும் சேர்த்துப் பிசைந்த மாவை ஓரிரு நாள் மூடி வைத்து, நெய் தடவிய வாழையிலையில் தட்டிப் பொரித்து, இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு இடையே அழுத்தி எண்ணெய் வடிப்பர். இவ்வறிவு முழுவதும் கண்ணாலும் விரலாலும் தாயிடமிருந்து மகளுக்கு வந்தது.

அயலார் அடுப்பும் தமிழர் தட்டும்

அரசுப் பணிகளுக்கும் இரயில்வேப் பணிகளுக்கும் வந்த யாழ்ப்பாணத் தமிழர் அதிரசத்தை அரியதரம் என்றனர். பயத்தம் பணியாரத்தையும் உடன் கொணர்ந்தனர். ரொட்டி சுடும் அடுப்பிற்கு அவர்கள் வழங்கிய போறணை என்னும் சொல் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்ததாகும்.

மலாய்க்காரர் குவே ரோஸ் என்று அழைக்கும் பலகாரமும், கேரளத்தின் அச்சப்பமும், இந்நாட்டுத் தமிழர் இல்லங்களின் அச்சு முறுக்கும் ஓரினத்தைச் சேர்ந்தவை. பூ வடிவ அச்சைச் சூடான எண்ணெயில் காய்ச்சி, மாவில் தோய்த்து மீண்டும் எண்ணெயில் இடுவதே இவை அனைத்திற்கும் பொதுவான முறை. மலாய்க்காரரின் பஹுலு, பித்தளை அச்சில் ஊற்றி, மேலும் கீழும் கரி நெருப்பிட்டுச் சுடப்பட்டது. யுரேசியர் பண்டிகைகளில் சிறப்பிடம் பெற்ற சூஜி கேக், வெண்ணெயில் ஊறிய ரவையாலும் முட்டையாலும் பாதாம் பருப்பாலும் ஆவது. அது தீபாவளித் தட்டிலும் இடம்பெற்றது. மாவும் நெய்யும் சீனியும் மட்டுமே கொண்டு சுடப்படும் நெய் பிஸ்கட்டும் அவ்வாறே பரவியது.

ஆயினும் ஒரு வரம்பு காக்கப்பட்டது. முட்டை சேர்ந்தவை விருந்தினர் தட்டுக்கே உரியனவாயின; படையல் இலையில் அதிரசமும் சுகியனும் சர்க்கரைப் பொங்கலுமே தொடர்ந்தன. புதியதை ஏற்ற மனம் பழைய நெறியையும் கைவிடவில்லை.

பஞ்சத்திலும் படையல்

1942 முதல் 1945 வரையிலான சப்பானியர் ஆட்சிக் காலத்தில் இம்மரபு பெருஞ்சோதனைக்குள்ளாயிற்று. மலாயாவும் சிங்கப்பூரும் வெளிநாட்டு அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தன. வரத்துக் குன்றியபோது மரவள்ளிக் கிழங்கே பலருக்கு உணவாயிற்று. சயாம் இரயில் பாதைக்கு ஆடவர் கொண்டு செல்லப்பட்ட தோட்டங்களில், பெண்களே குடும்பங்களைத் தாங்கினர். நெய்யும் சீனியும் கிட்டாத அந்நாளில் மரவள்ளி மாவும் பணியாரமாயிற்று. போர் ஓய்ந்த பின்னரும் அரிசிப் பங்கீடு சில ஆண்டுகள் நீடித்தது. மீண்டும் பச்சரிசி கிடைத்தபோது அதிரசம் செய்ய முடிந்ததற்குக் காரணம், அதன் பதம் அன்னையரின் நினைவில் அழியாமல் இருந்ததேயாகும்.

எழுத வேண்டிய வேளை

இன்று பொருளுக்குப் பஞ்சமில்லை. தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. பலகாரம் கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கின்றது. வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு அது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால், செய்யும் வழக்கம் நின்றுவிட்ட வீட்டில், அறிந்த முதியவர் மறையும் நாளில் அவ்வறிவும் உடன் மறைகின்றது. அன்று போரினால் அழியாதது இன்று அமைதிக் காலத்தில் அழிய இடமளிப்பது முறையாகாது.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. மூத்தோர் கையால் அள்ளியிடும் மாவை அவ்விடத்திலேயே நிறுத்துக் குறித்துக்கொள்ளலாம். பால் தகரத்தின் கொள்ளளவையும் அரிசியின் வகையையும் எழுதி வைக்கலாம். பாகின் பதத்தை அவர்கள் சொல்லும் சொற்களிலேயே பதிவு செய்தல் நலம். எந்த ஊரிலிருந்து வந்த முறை, யார் கற்பித்தது, எத்திருநாளுக்கு உரியது என்பனவும் அதனுடன் இடம்பெறல் வேண்டும். இப்பணியில் இளைஞர்களும், மகளிரைப் போலவே ஆடவரும் பங்குபெறுதல் சிறப்பாகும்.

ஒரு கொடையாளரின் படையல் குறையலாகாது என்று முன்னோர் கல்லில் அளவைப் பொறித்தனர். தலைமுறை தலைமுறையாக இறைவனுக்கு இனிப்புப் படைத்த அன்னையரின் பெயரும் அளவும் ஓர் ஏட்டிலேனும் இடம்பெறுவது அவர்களுக்குச் செய்யும் நன்றிக்கடனாகும். இல்லந்தோறும் அப்பணி தொடங்க இறையருள் துணை நிற்பதாக.