குரலும் பெட்டியும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை வடக்கே கட்டுமாவடியில் தொடங்குகிறது. காலையில் மீன் ஏலம் முடிந்து, ஐஸ் பெட்டிகளை ஏற்றிய வண்டிகள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய் மறைந்துவிட்டால் அங்கே காற்றின் ஓசை மட்டுமே மிஞ்சும். அப்படியொரு முற்பகலில் நண்பர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். நண்பரின் மகன் திருச்சியில் படித்தவன். படிப்போடு கீபோர்டும் கற்றுக்கொண்டவன். “மாமா, ஒண்ணு போட்டுக் காட்டறேன், கேக்குறீங்களா?” என்று மடிக்கணினியைத் திறந்தான்.

வந்தது எம்.கே. தியாகராஜ பாகவதரின் குரல். 1944இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ படத்திற்காகப் பாபநாசம் சிவன் இயற்றிய, சாருகேசி ராகத்தில் அமைந்த ‘மன்மத லீலையை’. ஆனால் அந்தக் குரலைச் சுற்றி நாம் எண்பது ஆண்டுகளாகக் கேட்டுவந்த வாத்தியங்கள் எவையும் இல்லை. அவற்றின் இடத்தில் ஒரு பியானோ மட்டும், ஜாஸ் நடையில், தாளத்தின்மேல் நேராக விழாமல் சற்றே பின்தங்கி, பேசுவதுபோல் வந்துகொண்டிருந்தது. முதல் நிமிடம் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. பிறகு ஏதோ உறுத்தியது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

சொன்னவர் அருகில் இறால் உரித்துக்கொண்டிருந்த அந்த வீட்டு அப்பத்தா. “அவரு ஒரு எடத்துல நிக்கிறாரு, பெட்டி வேற எடத்துல நிக்குதேப்பா” என்றார். நாடகம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குக் கட்டைகள் வைத்த எந்த வாத்தியமும் பெட்டிதான். அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

*

பியானோ நமக்கு அந்நியமானது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒரு தமிழ்ப் பாடகரின் சுருதியை நாம் எதனால் அளக்கிறோம்? ‘ஐந்து கட்டை’, ‘ஐந்தரைக் கட்டை’ என்கிறோம். அந்தக் கட்டை ஆர்மோனியத்தின் கட்டை. முதல் வெள்ளைக் கட்டை ஒன்று, அதற்கு அடுத்த கறுப்புக் கட்டை ஒன்றரை. மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைவரை குரல் எட்ட வேண்டியிருந்த காலத்தில், பாடுபவரின் பக்கத்திலேயே நின்றது ஆர்மோனியப் பெட்டி. எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு அவருடைய சகோதரர் காசி ஐயரே ஆர்மோனியம் வாசித்தார். பாகவதரும் அந்த நாடக மரபிலிருந்து திரைக்கு வந்தவர். அவ்வகையில் அவர் குரலோடு ஒரு கட்டை வாத்தியத்தைச் சேர்ப்பது பழைய உறவைப் புதுப்பிப்பதாகவும் கொள்ளலாம்.

அந்த உறவுக்கு எதிர்ப்பும் இருந்தது. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. 1971இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. கட்டைகளில் சுரங்கள் தனித்தனியாக, அசையாமல் நிற்கின்றன. நம் இசையிலோ ஒரு சுரம் அடுத்ததை நோக்கி வளைந்தும் அசைந்தும் செல்கிறது. ஆகவே கட்டை வாத்தியம் கமகத்தைக் கொல்லும் என்பதே வாதம். பியானோவுக்கும் இது அப்படியே பொருந்தும். ஆனால் அப்பத்தாவின் குறை இதுவல்ல. கமகம் பாகவதரின் குரலில் பழுதின்றி இருந்தது. அவருடைய குறை நிற்கும் இடத்தைப் பற்றியது.

*

பக்கவாத்தியம் எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்விக்குப் புதுக்கோட்டை மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குரிய வாத்தியமாக்கியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவருடைய சீடர்கள் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் பழனி முத்தையா பிள்ளையும். முத்தையா பிள்ளையின் மகன், மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை. இவர் இடக்கையர். இடக்கையரை மேடையில் அமர்த்தினால் பக்கவாத்தியங்கள் அமரும் வரிசையே மாறும் என்பதால் அவருக்குத் தொடக்கத்தில் வாய்ப்புகள் தட்டிப்போயின. அவருக்காக மேடை அமைப்பையே மாற்றிக்கொண்டு ஊக்குவித்தவர் செம்பை வைத்தியநாத பாகவதர். பாடகர் தனக்கு அருகில் யார் இருக்க வேண்டும் என்று தேர்ந்துகொண்ட நிகழ்ச்சி அது.

ஜாஸுடனான சந்திப்பும் இந்த மரபுக்கு உண்டு. 1958இல் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் தம் குழுவோடு சென்னை வந்தார். அப்போது குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோவும் பழனியும் சேர்ந்து வாசித்தனர். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டார்; கேட்டதற்கு மறுமொழி வாசித்தார். ஜாஸும் நம் கச்சேரியும் சந்திக்கக்கூடிய இடம் இந்தக் கேட்டலும் மறுமொழியும்தான்.

நண்பரின் மகன் செய்ததில் ஒரு பாதி இருந்தது. அவன் கேட்டான். பாகவதரால் அவனைக் கேட்க இயலாது.

*

இப்படி ஒரு குரலைத் தனியே பிரித்தெடுப்பது அண்மைக்காலம்வரை பகற்கனவு. 1944ஆம் ஆண்டுப் படத்தில் குரலும் வாத்தியமும் பிலிம் ஓரத்து ஒலிப்பட்டையில் ஒரே கோடாகப் பதிந்தவை. பாலில் கலந்த நீர். பிற்காலத்தில் பல தடங்களில் தனித்தனியே பதியும் முறை வந்த பிறகுதான் குரலுக்கென்று தனித் தடம் வாய்த்தது. 1965இல் மறைந்த நாட் கிங் கோலின் குரலோடு அவர் மகள் நட்டாலி கோல் 1991இல் இணைந்து பாட முடிந்தது அதனால்தான். ஜான் லென்னன் 1970களின் பிற்பகுதியில் வீட்டில் கேசட்டில் பதிந்த ‘நவ் அண்ட் தென்’ பாட்டில் குரலும் பியானோவும் கலந்து கிடந்தன. 1995இல் அதை முடிக்க முயன்ற பீட்டில்ஸ் நண்பர்கள் கைவிட்டார்கள். கணினி குரலைப் பிரித்துக்கொடுத்த பிறகு 2023இல் பாட்டு வெளிவந்தது. இதற்கிடையே 2019இல் ‘ஸ்ப்லீட்டர்’ போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கத் தொடங்கின. கட்டுமாவடித் திண்ணைக்குப் பாகவதர் தனியே வந்து சேர்ந்த வழி இது.

வந்த குரலோடு பையன் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். படியெடுத்துப் படியெடுத்து வேகம் மாறிப்போனதால் குரலின் ஷட்ஜம் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுந்தது. முதலில் அதை ஒரு கட்டையில் கொண்டுவந்து நிறுத்தினான். பாகவதர் கடிகாரத்துக்குப் பாடியவர் அல்லர். ஆகவே கணினியின் சீரான தாளத்தை அணைத்துவிட்டு, குரலின் மூச்சைக் கேட்டுக் கேட்டு வாசித்தான். கமகம் அசையும் இடங்களில் கையை எடுத்துவிட்டு, குரல் ஓய்ந்து நிற்கும் சுரங்களில் மட்டும் பியானோவை வைத்தான். இவையெல்லாம் நல்ல பக்கவாத்தியக்காரரின் பழக்கங்கள்.

தவறியது இடது கையில். சாருகேசி 26ஆவது மேளகர்த்தா. அதன் சுத்த மத்தியமத்தை ஷட்ஜமாகக் கொண்டு கிரகபேதம் செய்தால் கௌரிமனோகரி கிடைக்கும். அந்தக் கௌரிமனோகரியின் சுரங்கள்தான் ஜாஸ் கலைஞர்கள் பெரிதும் விரும்பும் ‘மெலோடிக் மைனர்’. ஆகவே ஜாஸ் பழகிய கை, சாருகேசியைக் கேட்டதுமே மத்தியமத்தில் போய் இறங்குகிறது. அங்கே மைனர் சுரக்கூட்டு ஒன்றை அமைத்தால் கேட்க அத்தனை அழகாக இருக்கும். ஆனால் கீழ்ச்சுரம் நீண்ட நேரம் மத்தியமத்திலேயே நின்றுவிட்டால், கேட்பவரின் காது அதையே ஷட்ஜமாகக் கொள்ளத் தொடங்குகிறது. தம்புரா இருந்தால் ‘உன் வீடு இது’ என்று நொடிக்கு நொடி நினைவூட்டிக்கொண்டிருக்கும். அதைத்தான் நாம் பிரித்தெறிந்துவிட்டோமே! பாகவதரின் குரலில் ஒரு சுரம்கூட மாறவில்லை. ஆயினும் அவர் வேறொரு ராகத்தில் குடியேற்றப்பட்டுவிட்டார். ‘பெட்டி வேற எடத்துல நிக்குது’ என்பதன் பொருள் இதுதான். உயிருள்ள பாடகராயிருந்தால் ஒரு பார்வையால், அல்லது ஷட்ஜத்தில் ஓங்கி நின்று, வாசிப்பவரைத் திரும்ப அழைத்திருப்பார்.

*

தமிழ்த் திரையில் மறுகலவை அலை 2000களில் வீசியது நினைவிருக்கும். ‘அடுத்த வாரிசு’ (1983) பாடலொன்று ‘குறும்பு’ (2003) படத்தில் வந்தது. ‘படகோட்டி’ (1964) படத்தில் டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய ‘தொட்டால் பூ மலரும்’, ‘நியூ’ (2004) படத்தில் ஹரிஹரன், ஹரிணி குரல்களில் புது இசையோடு ஒலித்தது. இது புதிய குரல் பழைய மெட்டைப் பாடிய முறை. அந்தக் குரல்கள் புதிய இசையைக் கேட்டே பாடின. 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தம் இத்தகைய மறுபதிவுகளுக்கு ஐந்தாண்டுக் காத்திருப்பை விதித்தது. பாடகரின் புகழுக்கு ஊறு செய்யும் திரிபைத் தடுக்கும் உரிமையையும் பாடகர்களுக்கு அளித்தது. 2024இல் ‘லால் சலாம்’ படத்திற்காக மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்கியா ஆகியோரின் குரல்களைக் கணினி வழியே உருவாக்கியபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் வழங்கியதாக ஏ.ஆர். ரகுமான் அறிவித்தார். இவை வேண்டிய ஏற்பாடுகள். ஆனால் இடது கை மத்தியமத்தில் நின்றதைத் திரிபு என்று எந்த மன்றத்தில் நிறுவுவது?

செம்பையின் காலத்தில் பாடகர் பக்கவாத்தியத்தைத் தேர்ந்தார். இன்று பக்கவாத்தியம் பாடகரைத் தேர்கிறது. அவரால் மறுக்க முடியாது. அதனால் இதைச் செய்யவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பாகவதரை இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் இரவெல்லாம் வரிவரியாகக் கேட்டிருக்கிறான். இசைத்தட்டை வைத்துக்கொண்டு பெருமை பேசும் நம்மில் எத்தனைபேர் அப்படிக் கேட்டோம்? பாடகர் மறுக்க முடியாதபோது, அவருக்காக மறுக்கும் வேலையும் வாசிப்பவன் தலையில்தான் விழுகிறது. அதை அறிந்து செய்யட்டும் என்பதே என் எண்ணம்.

அவனிடம் கிரகபேதம் பற்றிச் சொன்னேன். பதில் பேசாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். மாலையில் மீண்டும் போட்டுக் காட்டினான். மத்தியமம் இருந்தது, ஆனால் வந்துவிட்டுப் போகும் விருந்தாளியாக. ஒவ்வொரு முறை பல்லவி திரும்பும்போதும் இடது கை ஷட்ஜத்தில் வந்து காத்திருந்தது. ஓரிடத்தில் பியானோவே இல்லை, பாகவதர் மட்டும்.

அப்பத்தா நிமிர்ந்து பார்த்தார். “இப்ப சரி” என்றார். பிறகு, “அந்தப் பெட்டி இல்லாத எடத்த இன்னொரு வாட்டி போடு” என்றார்.