ஐதராபாத்தில் பெண்ணிய ஆய்வு

தெலங்கானாவின் தலைநகரான ஐதராபாத், இந்தியாவில் பெண்ணியப் புலமை வேரூன்றி வளர்ந்த முக்கிய நகரங்களுள் ஒன்று. மும்பையில் 1974இல் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகம் பெண்கள் ஆய்வுப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. டெல்லியில் 1980இல் மகளிர் மேம்பாட்டு ஆய்வு மையம் அமைந்தது. ஐதராபாத்தில் இந்தத் துறை பல்கலைக்கழகத்தின் முடிவால் தோன்றவில்லை. காவல் நிலைய வன்முறைக்கும் வரதட்சணைச் சாவுகளுக்கும் எதிராகத் தெருவில் நின்ற பெண்கள், கூட்டங்களில் எழுந்த கேள்விகளுக்கு விடை தேடிப் புத்தகம் எழுதத் தொடங்கினார்கள். அந்த முயற்சியே 1985இல் ‘அன்வேஷி’ என்ற பெண்கள் ஆய்வு மையமாக வடிவம் பெற்றது. நகரின் பெண்ணிய ஆய்வு வரலாற்றில் பெரும்பகுதி இந்த அமைப்பையும் இதற்கு முன்னோடியான ‘ஸ்திரீ சக்தி சங்கட்டனா’வையும் சுற்றியே அமைகிறது.

முன்வரலாறு

நிஜாம் ஆட்சிக் காலத்தில் பெண்கல்வி பர்தாவுக்குள்ளேயே வளர்ந்தது. உருது மொழியில் எழுதிய சுக்ரா ஹுமாயூன் மிர்சா (1884–1958) பெண்களுக்காக இதழ்கள் நடத்தினார், பெண்கள் சங்கம் கண்டார், 1934இல் சஃப்தரியா பெண்கள் பள்ளியை நிறுவினார். இவரைப் போன்ற உருதுப் பெண்களுக்குப் பின்னாளில் எழுதப்பட்ட பெண்ணிய வரலாறுகளில் உரிய இடம் தரப்படவில்லை. ஐதராபாத்தில் பிறந்த சரோஜினி நாயுடுவின் பெயரே அந்தக் காலம் முழுமைக்கும் அடையாளமாக நின்றுவிட்டது.

1924இல் பெண்களுக்கென ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. 1949இல் அது கோட்டி பகுதியிலுள்ள பழைய பிரிட்டிஷ் ரெசிடென்சி மாளிகைக்கு இடம் மாறியது. நகரின் நடுத்தரக் குடும்பங்களிலிருந்து பட்டம் பெற்ற பெண்கள் பலர் உஸ்மானியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இந்தக் கோட்டி மகளிர் கல்லூரியில் படித்தவர்களே.

சென்னை வழியாக வந்த மற்றொரு மரபும் உண்டு. எட்டு வயதில் மணம் செய்துவைக்கப்பட்டு, வளர்ந்த பின் அந்தத் திருமணத்திலிருந்து விலகிய துர்காபாய், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். 1937இல் சென்னையில் ஆந்திர மகிளா சபாவைத் தொடங்கினார். படிப்பு பாதியில் நின்ற பெண்களையும் விதவைகளையும் காசிப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வுக்குத் தயார்செய்ததே அதன் தொடக்க காலப் பெரும்பணி. பின்னர் சபா ஐதராபாத்திலும் கல்லூரி, மருத்துவமனை, எழுத்தறிவு மையம் என விரிந்தது. துர்காபாய் தேஷ்முக் 1958இல் பெண்கல்விக்கான தேசியக் குழுவின் தலைவரானார்.

1970களின் இயக்கங்கள்

1974இல் உஸ்மானியா பல்கலைக்கழக மாணவிகள் ‘முற்போக்குப் பெண்கள் அமைப்பு’ என்ற அமைப்பைத் தொடங்கினர். பேருந்திலும் வளாகத்திலும் பெண்களைச் சீண்டுவது, வரதட்சணை, விலைவாசி ஆகியவற்றுக்கு எதிராக அவர்கள் ஊர்வலம் சென்றனர். பெண்களின் நிலை குறித்து நடுவண் அரசு அமைத்த குழுவின் ‘சமத்துவத்தை நோக்கி’ அறிக்கையும் அதே ஆண்டில்தான் வெளியானது. 1975இல் நெருக்கடி நிலை வந்ததும் அமைப்பு சிதறியது. உறுப்பினர்கள் சிலர் கைதாயினர், சிலர் தலைமறைவாயினர்.

1978 மார்ச்சில் நல்லகுண்டா காவல் நிலையத்தில் ஓர் இளம் முஸ்லிம் பெண் காவலர்களால் வன்புணர்வுக்கு ஆளானார். அதைத் தட்டிக் கேட்ட கணவர் அடித்துக் கொல்லப்பட்டார். நகரமே கொந்தளித்தது. காவல் நிலையம் தாக்கப்பட்டது, துப்பாக்கிச் சூடு நடந்தது. நீதிபதி முக்ததார் தலைமையிலான விசாரணை ஆணையம் காவலர்களைக் குற்றவாளிகள் என்றது. வழக்கோ கர்நாடகத்தின் ராய்ச்சூருக்கு மாற்றப்பட்டு, 1981இல் குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் விடுதலையாயினர். வழக்கு நடந்த காலமெல்லாம் அந்தப் பெண்ணின் நடத்தைதான் அலசப்பட்டது. சட்டம், சான்று, ஒழுக்கம் ஆகிய சொற்களுக்குள் பெண்ணுக்கு எதிரான தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டிருப்பதை ஐதராபாத் பெண்கள் கண்ணெதிரே கண்டது அப்போதுதான்.

அதே 1978இல் ஸ்திரீ சக்தி சங்கட்டனா உருவானது. கே. லலிதா, வசந்தா கண்ணபிரான், ரமா மேல்கோட்டே, உமா மகேஸ்வரி, சூசி தாரு, வீணா சத்ருக்னா ஆகியோர் அதில் முன்னின்றவர்கள். வசந்தா கல்லூரி ஆங்கில ஆசிரியை. சூசி தாரு ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் கல்விக்கான மத்திய நிறுவனத்தில் பணியாற்றினார். வீணா சத்ருக்னா தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் மருத்துவ ஆய்வாளர். சங்கட்டனாவின் வேலை மாதச் சம்பளத்துக்கான வேலை அல்ல. கல்லூரியும் அலுவலகமும் முடிந்த பிறகு, வீட்டு வேலைக்கும் பிள்ளைகளுக்கும் இடையே நடந்தது.

தெலங்கானாப் போராட்டப் பெண்களின் வாய்மொழி வரலாறு

சங்கட்டனாவின் முதல் பெரும் ஆய்வு, 1946 முதல் 1951 வரை நடந்த தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் பங்கேற்ற பெண்களின் வாழ்க்கைக் கதைகள். நிஜாம் சமஸ்தானத்தில் ‘தொரா’ எனப்பட்ட நிலப்பிரபுக்களும் தேஷ்முக்குகளும் ஊரையே கூலியில்லாத வெட்டி வேலையில் கட்டிப்போட்டிருந்தனர். அதற்கு எதிராகக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையில் உழவர்கள் எழுந்தனர். சுமார் 3,000 கிராமங்களில் மக்கள் ஆட்சி நடந்தது, 10 லட்சம் ஏக்கர் நிலம் பிரித்துக் கொடுக்கப்பட்டது என்பது கட்சியின் கணக்கு. அந்தக் கணக்குகளில் பெண்கள் உண்டு, ஆனால் அவர்கள் குரல் இல்லை. கட்சித் தலைவர் பி. சுந்தரய்யா 1972இல் எழுதிய போராட்ட வரலாற்று நூலில் பெண்களுக்குக் கிடைத்தது ஓர் அத்தியாயம்.

போராட்டத்தின் தொடக்கச் சின்னமாகவே ஒரு பெண் இருக்கிறார். பாலகுர்த்தியைச் சேர்ந்த சாகலி ஐலம்மா (1895–1985) சலவைத் தொழில் செய்யும் சாதியில் பிறந்தவர். அந்தச் சாதியினர் தொரா வீட்டுத் துணிகளைக் கூலியின்றி வெளுத்துக் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். ஐலம்மா குத்தகைக்கு நிலம் எடுத்துச் சொந்தமாகப் பயிரிட்டார். சேவகம் செய்ய வேண்டியவள் விவசாயி ஆவதை விஸ்னூர் தேஷ்முக்கால் பொறுக்க முடியவில்லை. விளைந்த நெல்லை அறுத்துக்கொண்டு போக அவர் ஆட்களை அனுப்பினார். போராட்டத்தை நடத்திய சங்கத்து ஆட்கள் கைத்தடியோடு வந்து நின்று அறுவடையை ஐலம்மாவின் வீட்டில் சேர்த்தனர். வீடு எரிக்கப்பட்டது, மகன்கள் சிறைப்பட்டனர், ஐலம்மா நிலத்தை விடவில்லை.

சங்கட்டனாவினர் ஒலிப்பதிவுக் கருவியுடன் நல்கொண்டா, வாரங்கல், கம்மம் பகுதிகளுக்கும் விஜயவாடாவுக்கும் சென்றனர். தலைமறைவுக் குழுக்களில் துப்பாக்கி ஏந்தியவர்கள், செய்தி கொண்டுபோனவர்கள், ஒளிந்திருந்தவர்களுக்குச் சோறு பொங்கியவர்கள், நகரத்தில் உருதுப் படிப்பு வட்டங்களில் இருந்தவர்கள் என வெவ்வேறு நிலையிலிருந்தவர்களைப் பேசவைத்தனர். நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்து பதின்ம வயதிலேயே தளபதியான மல்லு ஸ்வராஜ்யம் அவர்களில் ஒருவர். அவர் தலைக்கு நிஜாம் அரசு 10,000 ரூபாய் விலை வைத்திருந்தது. பின்னாளில் அவர் துங்கதுர்த்தித் தொகுதியிலிருந்து ஆந்திர சட்டமன்றத்துக்கு இருமுறை தேர்ந்தெடுக்கப்பட்டார். 2022இல் மறைந்தார். மற்றொருவர் கமலம்மா. காட்டில் தலைமறைவாக இருந்தபோது கைக்குழந்தையின் அழுகுரல் எல்லோரையும் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அதைப் பிறரிடம் கொடுத்துவிட நேர்ந்தவர்.

இந்த நேர்காணல்களில் வீரக் கதைகளைவிட முக்கியமானது வேறொன்று. போராட்டம் நடந்த ஆண்டுகளைத் தம் வாழ்வின் ஒளி மிகுந்த காலமாகவே பெண்கள் நினைவுகூர்ந்தனர். ஆனால் 1951இல் போராட்டம் நிறுத்தப்பட்டதும் ஆண் தோழர்கள் தேர்தலுக்கும் கட்சிப் பொறுப்புக்கும் போனார்கள், பெண்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வீடு அவர்களை ஏற்கத் தயாராக இல்லை. கட்சிக்குள் ஆணும் பெண்ணும் பழகியதைப் பற்றிய பேச்சு வந்தபோதெல்லாம் பலரும் தயங்கினர், ஒலிப்பதிவை நிறுத்தச் சொன்னவர்களும் உண்டு. அந்த மௌனத்தையும் சான்றாகக் கொண்டதே இந்த ஆய்வின் சிறப்பு. பெண்கள் இயக்கத்துக்கு உதவியாக இருந்தார்கள் என்ற பழைய வாதம் இதற்குப் பின் நிற்கவில்லை. இயக்கத்தை நடத்தியவர்களில் அவர்களும் உண்டு.

‘மனக்கு தெலியனி மன சரித்ர’ (நாம் அறியாத நம் வரலாறு) என்ற பெயரில் 1986இல் தெலுங்கிலும், 1989இல் ஆங்கிலத்திலும் நூல் வெளிவந்தது. தென்னாசியப் பெண்களின் வாய்மொழி வரலாற்றில் இதற்கு இணையான நூல்கள் மிகக் குறைவு.

அன்வேஷியும் பெண்ணெழுத்துத் தொகுப்பும்

1985இல் நிறுவப்பட்ட அன்வேஷி, ஆய்வாளர்கள் கூடிப் பேச ஓர் இடத்தையும் ஒரு நூலகத்தையும் உருவாக்கியது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே தன்னாட்சியாக இயங்கியதால், துறை எல்லைகளைப் பார்க்காமல் மருத்துவரும் வழக்கறிஞரும் இலக்கிய ஆசிரியரும் ஒரே மேசையில் அமர முடிந்தது.

சூசி தாருவும் கே. லலிதாவும் தொகுத்த இந்தியப் பெண்ணெழுத்துத் தொகுப்பு இந்த வட்டத்தின் மிகப் பெரிய சாதனை. முதல் தொகுதி 1991இலும் இரண்டாவது 1993இலும் நியூயார்க்கின் ஃபெமினிஸ்ட் பிரஸ் வெளியீடாக வந்தன. பௌத்த பிக்குணிகளின் பாடல்களில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டு வரை, 11 மொழிகளைச் சேர்ந்த பெண்களின் எழுத்து இதில் உண்டு. ஔவையார், வெள்ளிவீதியார் முதலிய சங்கப் புலவர்கள் தமிழிலிருந்து இடம்பெற்றனர்.

தொகுப்பின் முன்னுரையில் விரிவாகப் பேசப்படும் ஒரு வரலாறு தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானது. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையிலிருந்த முத்துப்பழனி, ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற தெலுங்குக் காவியத்தை இயற்றினார். காமத்தில் பெண்ணின் விருப்பத்தை மறைக்காமல் பாடிய நூல் அது. 1887இல் அச்சான பதிப்பில் பல பகுதிகள் விடுபட்டிருந்தன. பெங்களூர் நாகரத்தினம்மாள் கையெழுத்துச் சுவடியைத் தேடிப் பெற்று, ஒப்பிட்டு, 1910இல் சென்னையில் முழுமையாகப் பதிப்பித்தார். முத்துப்பழனியைச் சமூகச் சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கமே ஒழுக்கக்கேடானவர் என்று பழித்திருந்தார். ஆண் கவிகள் இதைவிட வெளிப்படையாக எழுதியதைக் கற்றோர் போற்றும்போது பெண்ணுக்கு மட்டும் ஏன் தடை என்று நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டார். 1911இல் அரசு நூலைத் தடை செய்தது. தங்குடூரி பிரகாசம் சென்னை மாகாண முதல்வராக இருந்தபோதுதான் தடை நீங்கியது. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டியவர் என்றே நாம் நினைவில் வைத்திருக்கும் நாகரத்தினம்மாள், ஒரு பெண் கவிக்காக நடத்திய இந்தப் பதிப்புப் போரையும் சேர்த்தே அறியப்பட வேண்டியவர். ஒரு நூல் ஏன் காணாமல் போகிறது, யார் அதைக் காணாமல் ஆக்குகிறார்கள் என்ற கேள்வியை ஐதராபாத் தொகுப்பாளர்கள் இங்கிருந்தே எடுத்துக்கொண்டனர்.

உடல்நலம்

1985இல் ஐதராபாத்துக்கு அருகிலுள்ள பட்டாஞ்செருவில் நெட்-என் என்ற கருத்தடை ஊசிக்கான சோதனை முகாம் நடந்தது. பிள்ளை பிறக்காமலிருக்க ஊசி என்று மட்டும் சொல்லி கிராமத்துப் பெண்கள் வரவழைக்கப்பட்டிருந்தனர். இது சோதனை என்பதோ பக்கவிளைவு உண்டு என்பதோ அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அங்கு சென்று விசாரித்த சங்கட்டனாவினர், டெல்லியின் சஹேலி முதலிய அமைப்புகளோடு சேர்ந்து 1986இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். வழக்கு 2000இல் முடிந்தபோது, குடும்பநலப் பெருந்திட்டத்தில் நெட்-என்னைப் பரவலாகப் பயன்படுத்துவது உகந்ததல்ல என்று அரசு ஒப்புக்கொண்டது. 2017இல் ‘அந்தரா’ என்ற பெயரில் வேறொரு கருத்தடை ஊசி அரசுத் திட்டத்துக்குள் வந்தது.

பெண்கள் தம் உடலைப் பற்றிக் கேட்கத் தயங்கும் கேள்விகளுக்கு எளிய தெலுங்கில் விடை சொல்லும் ‘சவாலட்ச சந்தேகாலு’ (ஒன்றேகால் லட்சம் சந்தேகங்கள்) 1991இல் வெளிவந்தது.

சாதி, மதம் குறித்த விவாதங்கள்

1990இல் பிற்படுத்தப்பட்டோருக்கான இடஒதுக்கீடு குறித்த மண்டல் பரிந்துரைக்கு எதிராக உயர்சாதி மாணவிகள், வேலையில்லாத கணவன் வேண்டாம் என்ற அட்டைகளோடு தெருவுக்கு வந்தனர். 1991இல் குண்டூர் மாவட்டத்தின் சுண்டூரில் தலித்துகள் கொல்லப்பட்டபோது, ஆதிக்கச் சாதிப் பெண்கள் தங்கள் ஆண்களுக்காக ஊர்வலம் போயினர். இந்நிகழ்வுகள் காட்டியபடி, பெண் என்ற ஒற்றை அடையாளம் போதாது என்பதை சூசி தாருவும் தேஜஸ்வினி நிரஞ்சனாவும் சேர்ந்து எழுதிய கட்டுரை உறுதிப்படுத்தியது. பொது உரிமையியல் சட்டம் பெண்களுக்குத் தானாக நீதி தந்துவிடாது என்று அன்வேஷியின் சட்டக் குழு 1997இல் எழுதியது. தலித் பெண் எழுத்தாளர் கோகு ஷ்யாமளா தொகுத்த தலித் பெண்ணெழுத்து நூலான ‘நல்லபொத்து’ 2003இல் வந்தபின், தெலுங்குப் பெண்ணியம் பழைய முகத்தோடு இருக்க முடியவில்லை. சூசி தாருவும் கே. சத்தியநாராயணாவும் 2011இல் கொண்டுவந்த தென்னிந்திய தலித் எழுத்துத் தொகுப்பின் முதல் பகுதி, தமிழ், மலையாளப் படைப்புகளுக்கானது.

பிற அமைப்புகளும் இன்றைய நிலையும்

எழுத்தாளர் ஓல்கா, வசந்தா கண்ணபிரான் முதலியோர் 1991இல் அஸ்மிதா என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கினர். கொண்டவீட்டி சத்யவதியை ஆசிரியராகக் கொண்ட ‘பூமிகா’ இதழ் 1993 முதல் வெளிவந்தது. கவிஞர் ஜமீலா நிஷாத் பழைய நகரில் நடத்தும் ஷாஹீன், முஸ்லிம் பெண்களிடையே பணியாற்றுகிறது. இந்தியப் பெண்ணிய ஆய்வுச் சங்கத்தின் தேசிய மாநாடு 2000இல் இந்நகரில் நடந்தது. ஐதராபாத் பல்கலைக்கழகத்திலும் மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகத்திலும் இத்துறையில் முதுநிலைப் படிப்பும் ஆய்வும் மேற்கொள்ள வாய்ப்பு உண்டு. கோட்டி மகளிர் கல்லூரி 2022இல் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டது. 2024இல் அதற்குச் சாகலி ஐலம்மாவின் பெயர் சூட்டப்பட்டது.