பைலா வந்த வழி

கல்கிசைக் கடற்கரை மண்டபங்களில் கலியாணம் எந்த வீட்டாருடையதாக இருந்தாலும், இரவு ஏற ஏற பாண்ட்காரர் பைலாவுக்கு மாறிவிடுவார்கள். அதுவரை கதிரையை விட்டு அசையாத பெரியப்பாமாரும் எழும்புவார்கள். மும்மூன்றாகப் பிரியும் ஆறு தட்டுத் தாளம், காலைச் சும்மா இருக்கவிடாது.

1505இல் போர்த்துக்கேயர் வந்தபின், மொசாம்பிக் பக்கத்து ஆபிரிக்கர் அடிமைகளாகவும் படையாட்களாகவும் இலங்கையில் இறக்கப்பட்டார்கள். எசமானர்களின் மெட்டும் ஆபிரிக்கரின் தாளமும் கலந்ததுதான் கஃப்ரிஞ்ஞா. ஒல்லாந்தர் கோட்டைகளைப் பிடித்தார்கள், ஆட்டம் அழியவில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் கலியாணங்களில் அது இன்னும் உண்டு.

ஆங்கிலேயரும் ஆபிரிக்கரைப் படையில் வைத்திருந்தார்கள். அந்த றைபிள் படை 1873இல் கலைக்கப்பட்டபோது புத்தளத்தில் இருந்தவர்கள் அங்கேயே குடியேறினார்கள். சிரம்பியடியில் அவர்களுடைய வழிவந்த குடும்பங்கள் பாடுவது மஞ்ஞா. இரண்டு சிரட்டை, ஒரு வெறும் போத்தல், அதைத் தட்ட ஒரு கரண்டி இருந்தால் போதும். வயதான பெண் ஒருத்தி மெதுவாகத் தொடங்குவாள். இரண்டு மூன்று வரிதான். திரும்பத் திரும்ப வரும். சுற்றுக்குச் சுற்று வேகம் கூடும், கைதட்டு நெருங்கும், உட்கார்ந்திருந்தவர்கள் இடுப்பை வளைத்து ஆடத் தொடங்குவார்கள். வரிகள் போர்த்துக்கேயக் கிரியோல். வீட்டில் இப்போது பேசுவது சிங்களம் என்பதால் இளையவர்களுக்குப் பல வரிகளின் பொருள் தெரியாது. ஆனாலும் தாளம் பிசகுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாலி பஸ்டியன் என்ற பொலிஸ்காரர் கஃப்ரிஞ்ஞா மெட்டுக்குச் சிங்கள வரிகளைப் போட்டார்; அதுதான் பைலா ஆனது. எம். எஸ். பெர்னாண்டோ அதை ஊரெல்லாம் கொண்டுபோனார். தமிழுக்கும் வந்தது: நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ யாழ்ப்பாணத்துப் பேச்சைத் துள்ள வைத்தது, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் தாண்டித் தமிழ்நாட்டைப் பிடித்தது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையிலும் அது ஒலித்தது. மனோகரன் சினிமாவில் நடித்து, 2018இல் சென்னையில் காலமானார்.

பெர்னாண்டோவுக்குப் பைலா சக்கரவர்த்திப் பட்டம், மனோகரனுக்குப் பொப் இசைச் சக்கரவர்த்திப் பட்டம். இருவருக்கும் தகும். ஆனால் கப்பலின் அடித்தட்டில் இந்தத் தாளத்தைச் சுமந்து வந்தவர்களில் ஒருவரின் பெயரையாவது நாம் பாடிக் கேட்டதுண்டா? சுருட்டை முடிப் பிள்ளையைச் சீண்ட எங்கள் வீடுகளில் அவர்களுடைய இனப்பெயரைத்தான் எடுக்கிறோம். அதே வீட்டுக் கலியாணத்தில் விடியும்வரை அவர்களுடைய தாளத்துக்கு ஆடுகிறோம். இதை என்னால் சகிக்க முடியவில்லை.

பைலாவுக்கு மேடை போடும் கொழும்புக்காரர் சிரம்பியடிக் குழுவையும் அழைக்க வேண்டும். இடையில் ஐந்து நிமிட வேடிக்கையாக அல்ல, முழு நிகழ்ச்சிக்கு, பாண்ட்காரருக்குக் கொடுக்கும் அதே சம்பளத்துக்கு. புத்தளம் எட்டாத தூரத்தில் இல்லை.