வினாவை அளந்த எண்கள்: தேர்வுப் பகுப்பாய்வின் வரலாறும் மொழிப்புலமையின் பங்கும்

1. முன்னுரை

தேர்வு என்பது மாணவரை அளக்கும் கருவி என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அக்கருவி பிழையற்றதா என்னும் வினா கல்வி வரலாற்றில் மிகப் பிந்தியே எழுந்தது. அவ்வினாவுக்கு விடை காணும் முயற்சிகளின் தொடர்ச்சியாகத் தோன்றியவையே, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்காக விடைத்தாள்களைத் திருத்தி, வினாக்களைப் பகுத்தாய்ந்து அறிக்கை தரும் தேர்வுப் பணியகங்கள். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வளர்ந்த இப்பணியின் வரலாற்றையும், வினாவின் மொழியைப் பற்றி அது வெளிப்படுத்திய உண்மைகளையும், மொழிபெயர்க்கப்பட்ட வினாத்தாள்களுக்கு அதனால் விளையக்கூடிய பயனையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. மதிப்பெண்ணின் நிலையின்மை

திருத்துவோர் மாறினால் மதிப்பெண்ணும் மாறும் என்பது பட்டறிவால் அனைவரும் உணர்ந்ததே. அதனை எண்களால் நிறுவிய முன்னோடி இங்கிலாந்தின் பொருளியல் அறிஞர் எட்ஜ்வொர்த் ஆவார். இலத்தீன் உரைநடைப் பகுதி ஒன்றுக்குத் தகுதி வாய்ந்த 28 தேர்வாளர்கள் தனித்தனியே வழங்கிய மதிப்பெண்கள் 45 முதல் 100 வரை விரிந்து கிடந்தமையை அவர் 1890இல் எடுத்துக்காட்டினார். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் ஸ்டார்ச், எட்வர்டு எலியட் ஆகியோர் 1912இல் ஆங்கில விடைத்தாள் ஒன்றின் படிகளைப் பல பள்ளிகளுக்கு அனுப்பினர். 142 ஆசிரியர்கள் வழங்கிய மதிப்பெண்கள் 64 முதல் 98 வரை வேறுபட்டன. கட்டுரை வடிவ விடையில் கருத்து வேறுபாடு இயல்பு என்று அமைதி கூறியோர்க்கு அடுத்த ஆண்டே மறுமொழி கிடைத்தது. வடிவியல் விடைத்தாள் ஒன்றுக்கு 28 முதல் 92 வரை மதிப்பெண்கள் வழங்கப்பட்டிருந்தன.

இந்நிலையின்மைக்கு மாற்றாகவே, கொடுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் வினாமுறை பரவியது. கான்சாஸ் மாநிலத்தில் ஃபிரெடெரிக் கெல்லி 1914–15ஆம் ஆண்டுகளில் உருவாக்கிய மௌன வாசிப்புத் தேர்வு இம்முறையின் தொடக்கமாகப் பொதுவாகக் கூறப்படுகிறது.

3. பொறியின் வருகை

தெரிவு விடைகளைத் திருத்துவதற்குப் புலமை தேவையில்லை, எண்ணிக்கையே போதும். எனவே அப்பணியைப் பொறியிடம் ஒப்படைக்கும் எண்ணம் எழுந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பென் வுட் இதற்குப் பெரிதும் ஊக்கமளித்தார். மிச்சிகன் மாநிலத்தில் பள்ளி அறிவியல் ஆசிரியராயிருந்த ரெனால்டு ஜான்சன், பென்சில் கரி மின்னோட்டத்தைக் கடத்தும் இயல்பைப் பயன்படுத்திக் கருவி ஒன்றை அமைத்தார். ஐ.பி.எம். நிறுவனம் அவரைப் பணியில் அமர்த்தி, 1938இல் ‘805’ என்னும் எண்ணுடைய தேர்வுத் திருத்தப் பொறியை வெளியிட்டது. இயக்குபவர் தாளைச் செருகியதும், சரியான விடைகளின் எண்ணிக்கையை முள் காட்டியது.

அயோவா பல்கலைக்கழகத்தின் லிண்ட்குவிஸ்ட் 1950களில் ஒளியால் குறியறியும் பொறியை உருவாக்கினார். 1972இல் தொடங்கப்பட்ட ஸ்கேன்ட்ரான் நிறுவனத்தின் சிறு பொறிகள் துறை அலுவலகங்களுக்கே வந்துசேர்ந்தன. கணிப்பொறியும் துணைநின்றமையால், ஆசிரியர் விடைத்தாள்களை ஒப்படைத்து, மதிப்பெண் பட்டியலுடன் வினாப் பகுப்பாய்வு அறிக்கையையும் பெறுவது பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வழக்கமாயிற்று.

4. வினாவைப் பற்றிய சான்று

அறிக்கையின் அடிப்படைக் கணிதம் பொறிகளின் தொடக்கக் காலத்திலேயே உருவாகிவிட்டது. தேர்வு முழுமையின் நம்பகத்தன்மையைக் கணிக்கும் வாய்பாட்டைக் கூடர், ரிச்சர்ட்சன் ஆகியோர் 1937இல் அளித்தனர். கிரான்பாக் 1951இல் அதன் விரிந்த வடிவத்தை விளக்கினார். தனி வினாவை ஆராய்வதற்கு, மொத்த மதிப்பெண் வரிசையில் மேலுள்ள 27 விழுக்காட்டினரையும் கீழுள்ள 27 விழுக்காட்டினரையும் ஒப்பிடுவது தக்கது என ட்ரூமன் கெல்லி 1939இல் காட்டினார்.

சான்றாக, 100 மாணவர் எழுதிய தேர்வில் ஒரு வினாவுக்கு மேற்குழுவில் 22 பேரும் கீழ்க்குழுவில் 9 பேரும் சரியாக விடையளித்தனர் எனக் கொள்வோம். வேறுபாடாகிய 13ஐ 27ஆல் வகுக்க 0.48 கிடைக்கும். இது அவ்வினாவின் பிரித்தறிதிறன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அறிக்கை முறையில் 0.30க்கு மேற்பட்டது நன்று எனவும், 0.10க்குக் குறைந்தது தரங்குறைந்தது எனவும் வகுக்கப்பட்டது. மேற்குழுவில் 10 பேரும் கீழ்க்குழுவில் 16 பேரும் சரியாக விடையளித்திருப்பின் மதிப்பு எதிர்மறையாகும். நன்கு கற்றவர் தவறவிட்டதும் கல்லாதவர் சரியாகக் குறித்ததுமான அவ்வினாவில் விடைக்குறிப்பு பிழையாயிருக்கலாம். அன்றி வினாத்தொடரே பொருள்மயக்கம் உடையதாயிருக்கலாம்.

இங்கேயே மொழியறிஞரின் பணி தொடங்குகிறது. ‘கண்ணன் இராமனைப் போல ஓடவில்லை’ என்னும் தொடரை எடுத்துக்கொள்ளலாம். இராமன் ஓடினான், கண்ணன் அவ்வாறு ஓடவில்லை என்பது ஒரு பொருள். இராமனும் ஓடவில்லை, கண்ணனும் ஓடவில்லை என்பது மற்றொரு பொருள். இத்தகைய தொடர் வினாவில் அமைந்தால், இரு பொருளையும் உணர்ந்த மாணவரே தடுமாறுவர். எங்கோ பழுது உள்ளது என்பதை எண் காட்டும். பழுது யாது என்பதை இலக்கண அறிவே காட்டும்.

‘பிரித்தறிதிறன்’ என்னும் சொல்லாட்சியும் கருதத்தக்கது. ஆங்கிலத்தின் ‘டிஸ்கிரிமினேஷன்’ என்னும் சொல்லைப் ‘பாகுபாடு’ எனப் பெயர்ப்பின், வினா யாருக்கோ அநீதி இழைக்கிறது என்னும் பொருள் தோன்றும். தேர்வியலிலோ அது வினாவின் சிறப்பைக் குறிக்கும் சொல்.

5. மொழித்தேர்வும் மொழிபெயர்ப்பும்

இம்முறையை மொழியியலோடு இணைத்தவர்களுள் இராபர்ட் லாடோ குறிப்பிடத்தக்கவர். மொழித்தேர்வு பற்றி 1961இல் வெளிவந்த அவரது நூல், கற்போரின் தாய்மொழிக்கும் பயிலும் மொழிக்கும் இடையிலான வேறுபாடுகளிலிருந்தே வினாக்கள் எழவேண்டும் என்னும் கருத்துடையது. தமிழில் ஒலிப்புடை, ஒலிப்பிலா வல்லொலிகள் தனித்தனி ஒலியன்களாக இயங்காமையால், ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவருக்கு அவ்வேறுபாட்டை வினவும் வினா கடினமாகும். அதே வினா இந்தி மாணவருக்கு எளிதாகும். ஆகவே வினாவின் கடினநிலை, அதனை எதிர்கொள்வோரின் மொழியையும் சார்ந்தது.

வினாவையே மொழிபெயர்க்கும்போது இச்சிக்கல் கூர்மையடைகிறது. 2018ஆம் ஆண்டின் மருத்துவ நுழைவுத் தேர்வாகிய நீட் இதற்குச் சான்று. ஏறத்தாழ 24,000 பேர் தமிழில் எழுதிய அத்தேர்வின் 180 வினாக்களுள் 49இல் மொழிபெயர்ப்புப் பிழைகள் உள்ளன என்று வழக்குத் தொடரப்பட்டது. ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்னும் விதி நடைமுறையில் இருந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வினாவுக்கு 4 மதிப்பெண் வீதம் 196 மதிப்பெண்களைத் தமிழில் எழுதியோர்க்கு வழங்குமாறு 2018 ஜூலையில் ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் அவ்வாணையை முதலில் நிறுத்திவைத்து, நவம்பரில் நீக்கியது. அனைவர்க்கும் 196 அல்லது எவர்க்கும் இல்லை என்னும் இரு முடிவுகளுள் ஒன்றே எஞ்சியது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியொன்று தேர்வியலில் உண்டு. ஒத்த திறனுடைய இரு குழுவினரிடம் ஒரு வினா வெவ்வேறு கடினநிலை காட்டுகிறதா என்று ஆராயும் முறையை ஹாலண்டு, தேயர் ஆகியோர் 1988இல் விளக்கினர். அதன் வழி, குறைகூறப்படாத 131 வினாக்களில் ஒத்த மதிப்பெண் பெற்ற தமிழ்வழித் தேர்வரையும் ஆங்கிலவழித் தேர்வரையும் இணைத்து நோக்கி, எஞ்சிய 49 வினாக்கள் ஒவ்வொன்றிலும் அவர்தம் விடைகளை ஒப்பிட இயலும். எவ்வினாவின் பிழை தேர்வரைப் பாதித்தது, எது பாதிக்கவில்லை என்பதை அவ்வொப்பீடு பெரும்பாலும் காட்டிவிடும். பாதிப்புக்குக் காரணம் சொல் தெரிவா, தொடரமைப்பா, கலைச்சொல் வேறுபாடா என்பதை மொழிபெயர்ப்பாளரும் மொழியியலாரும் ஆராய்ந்து உரைத்தல் வேண்டும்.

6. முடிவுரை

விடைத்தாள் திருத்தும் சுமையைக் குறைக்கவே பொறி வந்தது. ஆயின் அதன்வழி, வினா எழுதியவரின் மொழியும் சோதனைக்கு உட்பட்டது. பன்மொழித் தேர்வுகள் பெருகியுள்ள இந்தியச் சூழலில் மொழிபெயர்ப்பாளரின் பணி வினாத்தாள் அச்சேறுவதுடன் முடிதல் தகாது. தேர்வுக்கு முன் சிறு குழுவிடம் வினாக்களை முன்னாய்வு செய்தலும், தேர்வுக்குப் பின் மொழிவாரியான பகுப்பாய்வு அறிக்கையை மொழிபெயர்த்தோரே பயிலுதலும் வழக்கமாக வேண்டும். தம் தொடர் எந்த மாணவரை எங்கே தடுமாறச் செய்தது என்பதை அறிந்த மொழிபெயர்ப்பாளரே அடுத்த வினாத்தாளைச் செம்மையாக அமைக்க வல்லவர்.