பழைய கடைவீட்டுக்குப் புது உத்திரம்: வெட்டுமுகத்தைப் பார்த்து மரம் வாங்குவது எப்படி?

ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் கண்ணில் படுவது செங்கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும்தான். ஆனால், மாடித் தளத்தையும் ஓட்டுக் கூரையையும் சுமப்பது மரம். ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போட்ட உத்திரங்களின் முனைகள் ஈரம் ஏறும் சுவருக்குள் புதைந்திருக்கின்றன. அதனால் முதலில் கெடுவதும் அந்த முனைகளே. 2008 ஜூலையில் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமான இந்நகரில், பழைய வீட்டை நினைத்தபடி இடித்துக் கட்டிவிட முடியாது. கெட்ட உத்திரத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்று மரம் வாங்கப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

மரக்கடையில் அதிகம் கேட்கப்படும் பெயர் செங்கால். சுவர் கட்டும் செங்கல் அல்ல. தீபகற்ப மலேசியக் காடுகளில் மிக மெதுவாக வளரும் பெருமரம். இன்று கிடைப்பது அரிது, விலையும் அதிகம். அந்தப் பெயரைச் சொல்லி வேறு மரத்தைத் தள்ளிவிடுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. பெயர்களே குழப்பம் தருபவைதான். ‘மெராந்தி’ என்பது ஒரே மரம் அல்ல. பல இனங்களுக்கான பொது வணிகப் பெயர். ‘பாலாவ்’ என்பதும் அப்படியே. அதில் சில இனங்களை டாமார் லாவுட் என்றும் அழைப்பார்கள்.

பலர் மரத்தைத் தூக்கிப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. எந்த மரமானாலும் அதன் செல் சுவரின் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றுதான்: கன மீட்டருக்குச் சுமார் 1,500 கிலோ. மரத்துக்கு மரம் மாறுவது உள்ளே இருக்கும் வெற்றிடத்தின் அளவு. காற்றில் உலர்ந்த செங்கால் கன மீட்டருக்கு 915 முதல் 980 கிலோ வரை இருக்கும். பாலாவ் 850-இல் தொடங்கி 1,155 வரை போகும். அதில் கனமானவை தண்ணீரில் மூழ்கிவிடும். ஆனால், ஈரம் காயாத மட்டமான மரமும் கையில் கனக்கும். நிறத்தையும் நம்ப முடியாது. வெயில் பட்டால் மாறும்; சாயம் பூசினால் மறையும்.

நம்பத்தக்கது வெட்டுமுகம், அதாவது மரத்தைக் குறுக்கே அறுத்த முனை. அறுத்தபடியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கூரான உளியாலோ பிளேடாலோ ஒரு சிறு பகுதியை வழவழப்பாகச் சீவி, சற்று நனைத்து, 10 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துப் பார்க்க வேண்டும். ஊசி குத்தியதுபோல் தெரியும் துளைகள், மரம் நீரை மேலே கொண்டுபோன குழாய்களின் வாய்கள்.

அந்தத் துளைகளுக்கிடையே வெள்ளைப் புள்ளிகள் கோர்த்ததுபோல், வளைய வடிவில் கோடுகள் ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அவை பிசின் குழாய்கள். செங்கால், பாலாவ், மெராந்தி மூன்றிலும் இவை உண்டு. மூன்றும் ஒரே குடும்பத்தவை. செங்காலில் நீர்த் துளைகள் பெரும்பாலும் உள்ளிருந்தே அடைபட்டிருக்கும். புதிதாக அறுத்த பலகை பச்சை கலந்த வெளிர் மஞ்சளாக இருந்து, நாளடைவில் கரும்பழுப்பாகும். பாலாவையும் செங்காலையும் கண்ணால் பிரிப்பது அனுபவசாலிக்கும் கடினம். எனினும், மலேசியத் தரநிலை எம்.எஸ். 544 மரங்களைப் பிரிக்கும் ஏழு வலிமைப் பிரிவுகளில் இரண்டும் முதல் பிரிவிலேயே இருக்கின்றன. கருஞ்சிவப்பு மெராந்தி ஐந்தாம் பிரிவு. உத்திரத்துக்குப் பாலாவ் வந்தால் நட்டம் பணத்தில் மட்டும். மெராந்தி வந்தால் கூரைக்கே ஆபத்து.

மெர்பாவ் வேறு குடும்பம். அதில் பிசின் குழாய் வளையங்கள் இருக்காது. துளைகளுக்குள் கந்தகம்போல் மஞ்சள் தூள் படிந்திருக்கும். அந்தப் பொருள் நீரில் கரையக்கூடியது. மழை படும் நிலைக்கு மெர்பாவைப் போட்டால், வெள்ளைச் சுவரில் பழுப்புக் கறை வழியும். இரும்பு ஆணி அடித்த இடம் கறுக்கும். 2019-இல் மலேசியாவின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது இந்த மரம்தான். கெம்பாஸ் வலிமையில் இரண்டாம் பிரிவு. ஆனாலும் கறையானுக்குத் தாங்காது, மருந்தேற்றாமல் போடக்கூடாது. வலிமையும் நீடித்து உழைப்பதும் ஒன்றல்ல என்பதற்குக் கெம்பாஸ் நல்ல உதாரணம்.

நல்ல செங்காலை வாங்கியவரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஆசாரிகள் ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்பது மரத்தின் நடுப்பகுதி. அதைச் சுற்றி, பட்டையை ஒட்டி இருக்கும் வெளிறிய பகுதியில் மாவுச்சத்து இருக்கும். பூச்சியைத் தடுக்கும் பொருள் இருக்காது. எந்த மரமானாலும் வெளிற்றுப் பகுதி நிலைக்காது. செங்காலும் இதற்கு விலக்கல்ல. பினாங்கு வீடுகளை அரிக்கும் மண்கறையான் அதில் நுழைந்து, ஓரம் முழுவதையும் கூடாக்கிவிடும். எனவே நான்கு ஓரமும் வைரமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு துண்டிலும் பார்ப்பது, மரத்தின் பெயரைக் கேட்பதைவிட முக்கியம்.

அடுத்தது ஈரம். நம் வானிலையில் மரம் 15 விழுக்காட்டு ஈரத்துக்குக் கீழே தானாக இறங்குவது அரிது. குளிர்சாதன அறையில் அது 12 அல்லது அதற்கும் கீழே போகும். ஈரம் சுமார் 30 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கும்போது மரம் சுருங்கத் தொடங்கும். நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. பலகை வளைவது இந்த வேறுபாட்டால்தான். நூறு ஆண்டு இறுகி நின்ற மாடிப் பலகைகளில், கடைவீடு குளிர்சாதன விடுதியானதும் இடைவெளி விழுவது ஏன் என்று வியக்க வேண்டியதில்லை.

தோட்டப்புறத் தமிழர் தலைமுறைகளாகப் பால் வெட்டிய ரப்பர் மரத்தின் கதையையும் சொல்ல வேண்டும். பால் வற்றியதும், ஏறத்தாழ 25 ஆண்டில் வெட்டப்பட்ட அந்த மரம் ஒரு காலத்தில் விறகாகத்தான் எரிந்தது. இன்று அது மலேசிய மரச்சாமான் தொழிலின் முக்கிய மூலப்பொருள். கன மீட்டருக்கு 560 முதல் 640 கிலோ; வெளிர் நிறம்; இழைப்புளிக்கு இணங்கும். ஆனால் மாவுச்சத்து நிறைந்ததால், அறுத்த சில நாளிலேயே நீலப் பூஞ்சையும் துளைப்பான் வண்டும் பிடித்துவிடும். போராக்ஸ் மருந்தேற்றி உலர்த்தியதுதான் விற்பனைக்கு வர வேண்டும். மேசை, நாற்காலி, அலமாரிக்குத் தாராளமாகப் போடலாம். உத்திரத்துக்கும் வெளிவாசலுக்கும் கூடாது.

இடித்த வீட்டிலிருந்து வரும் பழைய செங்கால், புதிதைவிட நல்லது என்றே சொல்லலாம், உலர்ந்து அடங்கியிருக்கும். அறுக்கும் முன் உள்ளே புதைந்த ஆணிகளைத் தேடி எடுக்காவிட்டால் ரம்பத்தின் பல் போய்விடும்.

பெரிய தொகைக்கு மரம் எடுப்பவர்கள், கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஒரு சிறு துண்டை அனுப்பி, என்ன மரம் என்று உறுதி செய்துகொள்ளலாம். கெட்ட உத்திரத்தைக் குப்பைக்கு அனுப்பும் முன், அதன் கெடாத நடுப்பகுதியிலிருந்தும் ஒரு துண்டு அறுத்து வைத்துக்கொள்வது நல்லது. மரக்கடையில் புதுத் துண்டின் வெட்டுமுகத்தோடு வைத்து ஒப்பிட அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.