நிறைவுறா மண்ணில் பரப்பு இழுவிசைக் குறைப்பிகள்: ஒரு வரலாறு

நீரில் சிறிதளவு கரைந்தாலே அதன் பரப்பு இழுவிசையைப் பெருமளவு குறைத்துவிடும் வேதிப்பொருள்கள் பரப்பு இழுவிசைக் குறைப்பிகள் எனப்படுகின்றன. சோப்பு, சலவைத்தூள், ஷாம்பு, பாத்திரம் துலக்கும் திரவம், பூச்சிமருந்துடன் கலக்கும் ஒட்டும் திரவம், தீயணைப்பு நுரை ஆகிய அனைத்திலும் இவை உண்டு. தொழில்துறையில் இவை சர்ஃபாக்டன்ட் என்று அழைக்கப்படுகின்றன. வீட்டிலும் ஆலையிலும் பயன்பட்ட பின் இவற்றில் ஒரு பகுதி கழிவுநீருடன் மண்ணுக்குள் இறங்குகிறது. மண்ணில் இவை நீரோடு சேர்ந்து பயணம் செய்வதோடு நில்லாமல், நீர் செல்லும் விதத்தையே மாற்றுகின்றன. இந்த உண்மை அறிவியலுக்குப் புலப்பட ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

நிறைவுறா மண்

கிணறு தோண்டும்போது முதலில் ஈரமண் வரும். அதற்கும் கீழேதான் நீர் ஊறும். நீர் ஊறும் மட்டத்தை நிலத்தடி நீர்மட்டம் என்கிறோம். அதற்கு மேலே, தரைவரை உள்ள மண்ணின் நுண்துளைகளில் நீரும் காற்றும் கலந்திருக்கும். இப்பகுதியே நிறைவுறா மண். மழைநீர், பாசன நீர், கழிவுநீர் யாவும் இதைக் கடந்தே நிலத்தடி நீரை அடைகின்றன.

இம்மண்ணில் நீரைப் பிடித்து வைப்பது நுண்புழை விசை. விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதும் இவ்விசையால்தான். நுண்புழையில் நீர் ஏறும் உயரம் பரப்பு இழுவிசைக்கு நேர்விகிதத்திலும், புழையின் ஆரத்துக்கு எதிர்விகிதத்திலும் அமையும். தூய நீரின் பரப்பு இழுவிசை 25 பாகை செல்சியசில் மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். 0.1 மி.மீ. விட்டமுள்ள நுண்துளையில் தூய நீர் ஏறத்தாழ 29 செ.மீ. உயரம் வரை நிற்கும். பரப்பு இழுவிசை பாதியானால் அதே துளையில் 15 செ.மீ. அளவே நிற்கும், எஞ்சிய நீர் கீழே வடிந்துவிடும். இக்கட்டுரையில் வரும் பல நிகழ்வுகளை விளங்கிக்கொள்ள இந்த எளிய கணக்கு உதவும்.

அடுக்களையில் ஓர் ஆய்வு

பரப்பு இழுவிசையை முறையாக அளந்தவர்களுள் முன்னோடி ஆக்னஸ் பாக்கெல்ஸ் (1862–1935). ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பெற்றோரைக் கவனித்துக்கொண்டு வீட்டிலேயே வாழ்ந்தவர். பல்கலைக்கழகக் கல்வி பெறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. 1880களின் தொடக்கத்தில், ஒரு தகரத் தொட்டி, ஒரு பொத்தான், ஒரு தராசு ஆகியவற்றைக் கொண்டு, எண்ணெயும் அழுக்கும் நீரின் மேற்பரப்பை எவ்வாறு மாற்றுகின்றன என்று அளந்து வந்தார். 1891 ஜனவரியில் தம் முடிவுகளை ஆங்கிலேய இயற்பியலறிஞர் ரேலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். அதன் மதிப்பை உணர்ந்த ரேலே, அக்கடிதம் அதே ஆண்டு மார்ச்சில் 'நேச்சர்' இதழில் வெளிவரச் செய்தார். நீரின் மேற்பரப்பில் மிக மெல்லிய ஒரு படலம் இருந்தாலே இழுவிசை மாறிவிடும் என்பது இதனால் தெளிவாயிற்று.

மண் இயற்பியலின் வளர்ச்சி

அமெரிக்க வேளாண்துறையில் பணியாற்றிய எட்கர் பக்கிங்ஹாம் 1907-இல், ஈரம் அதிகமுள்ள மண்ணிலிருந்து குறைவான மண்ணை நோக்கி நீரை இழுப்பது நுண்புழை ஆற்றலின் வேறுபாடே என்று விளக்கினார். லொரென்சோ ரிச்சர்ட்ஸ் 1931-இல் அதனை ஒரு சமன்பாடாக வடித்தார். நிறைவுறா மண்ணில் நீரோட்டத்தைக் கணக்கிட இன்றும் ரிச்சர்ட்ஸ் சமன்பாடே அடிப்படை. ஆனால் இக்கணக்குகளில் ஓர் எண்ணம் சொல்லாமலே இடம்பெற்றிருந்தது: மண்ணிலுள்ள நீரின் பரப்பு இழுவிசை எங்கும் ஒன்றே. சோப்பு நீர் பெருமளவில் மண்ணில் இறங்காத காலத்தில் அவ்வாறு கொள்வதில் பெரிய தவறில்லை.

நுரைத்த குடிநீர்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் நிலைமை மாறியது. 1946-இல் டைட் என்னும் சலவைத்தூள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் செயற்கைச் சலவைப்பொருள்கள் சோப்பை விஞ்சின. அவற்றில் பெரிதும் பயன்பட்டது ஏ.பி.எஸ். எனப்பட்ட ஆல்கைல் பென்சீன் சல்போனேட். பெட்ரோலியத்திலிருந்து மலிவாகக் கிடைத்தது. கடின நீரிலும் நன்கு நுரைத்தது. ஆனால் அதன் கார்பன் சங்கிலி மரக்கிளைபோல் கிளைத்திருந்ததால் பாக்டீரியாக்களால் அதை எளிதில் சிதைக்க முடியவில்லை. ஆறுகளிலும் கழிவுநீர் நிலையங்களிலும் நுரை மலைபோல் எழுந்தது.

இதன் கொடுமையை அதிகம் உணர்ந்த இடங்களுள் ஒன்று நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் தீவு. அத்தீவின் சஃபோக் மாவட்டத்தில் 1950-இல் சுமார் 2,76,000 மக்கள் இருந்தனர். 1960-இல் 6,66,000 பேர். புதிய குடியிருப்புகள் பெருகிய வேகத்தில் பாதாளச் சாக்கடை வரவில்லை. பல வீடுகளில் சிறிய மனை ஒன்றிலேயே கிணறும் கழிவுநீர் உறிஞ்சுகுழியும் அமைந்தன. பனியாறுகள் விட்டுச்சென்ற மணலும் சரளையும் கலந்த நிலம் என்பதால் நீர் விரைவாகக் கீழிறங்கியது. குழாயைத் திறந்து குவளையில் நீர் பிடித்தபோது அதன்மேல் நுரை நின்றது.

மக்களை அச்சுறுத்தியது நுரை மட்டுமன்று. சலவைத்தூள் கிணற்றுக்கு வர முடியுமென்றால் உறிஞ்சுகுழியிலுள்ள பிற கழிவுகளும் வர முடியும் என்பதை அந்நுரை காட்டிக்கொடுத்தது. மண் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும் என்ற நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது. 1962-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத்துறை குடிநீரில் ஏ.பி.எஸ். லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரையறுத்தது.

மேற்கு ஜெர்மனி 1961-இல் சட்டம் இயற்றி, எளிதில் சிதையாத சலவைப்பொருள்களை 1964 முதல் தடுத்தது. அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1965-இல் கிளைகளற்ற நேர்ச்சங்கிலி கொண்ட எல்.ஏ.எஸ். என்னும் பொருளுக்கு மாறினர். ஆனால் இதைச் சிதைக்கும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் தேவை. காற்றோட்டமுள்ள நிறைவுறா மண் போதிய ஆழத்துக்கு இருந்தால் எல்.ஏ.எஸ். அங்கே சிதைந்துவிடும். உறிஞ்சுகுழியின் அடிப்பகுதி நிலத்தடி நீரையே தொட்டுக்கொண்டிருந்தால் அவ்வாய்ப்பு இல்லை. சஃபோக் மாவட்டம் 1971-இல் பெரும்பாலான சலவைப்பொருள்களின் விற்பனையையே தடை செய்தது. 1978-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அத்தீவின் நசாவ், சஃபோக் மாவட்டங்களின் நிலத்தடி நீரை, மக்களின் ஒரே குடிநீர் ஆதாரம் என அறிவித்துப் பாதுகாப்பு அளித்தது.

எரிந்த மலைச்சரிவுகள்

அதே 1960களில் கலிபோர்னியாவில் இப்பொருள்களின் மற்றொரு பயன் ஆராயப்பட்டது. காட்டுத்தீக்குப் பின் மலைச்சரிவு மண்ணில் மெழுகு போன்ற கரிமப்பொருள்கள் படிவதால் நீர் ஒட்டாது. தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டோடும். மழை பெய்தால் மண் அரித்துச் செல்லும். இச்சரிவுகளில் இழுவிசைக் குறைப்பிகளைத் தெளித்தால் நீர் உள்ளே இறங்குமா என்று ஆய்வாளர்கள் சோதித்தனர். 1968-இல் ரிவர்சைடு நகரில் நீர் ஒட்டா மண் பற்றிய கருத்தரங்கு நடைபெற்றது.

இவ்வாய்வுகள் ஒரு முக்கியமான வேறுபாட்டை உணர்த்தின. நீர் ஒட்டாத மண்ணில் இக்குறைப்பிகள் நீரை உள்ளே செல்ல வைக்கின்றன. இயல்பாக நனையும் மண்ணிலோ நுண்புழை இழுப்பைக் குறைத்து நீர் இறங்கும் வேகத்தைத் தளர்த்தக்கூடும். ஆகவே ஒரே பொருளின் விளைவு மண்ணுக்கு மண் மாறும்.

நீரை நகர்த்தும் கரைபொருள்

1994-இல் கனடாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மித், ராபர்ட் கில்லம் இருவரும் பழைய கணக்கில் மறைந்திருந்த எண்ணத்தைத் திருத்தினர். கரைபொருளின் செறிவுக்கேற்பப் பரப்பு இழுவிசை மாறும் என்று கொண்டு நீரோட்டத்தைக் கணித்தனர். 1999-இல் மணல் நிரப்பிய குழாய்களில் செய்த சோதனைகளையும் வெளியிட்டனர். பியூட்டனால் என்னும் ஆல்கஹால் கலந்த நீர் மணலில் இறங்கியபோது, அது சென்ற வழியில் மணல் நீரைப் பிடித்துவைக்கும் திறன் குறைந்தது. ஏற்கெனவே அங்கிருந்த நீரும் வடிந்து முன்னே தள்ளப்பட்டது.

கிடைமட்டமாக வைத்தாலும் இவ்விளைவு உண்டு. ஒரு குழாயின் ஒரு பாதியில் தூய நீரால் ஈரமாக்கிய மணலும் மறுபாதியில் குறைப்பி கலந்த நீரால் அதே அளவு ஈரமாக்கிய மணலும் இருப்பதாகக் கொள்வோம். தூய பக்கத்தின் இழுப்பு அதிகம்; எனவே நீர் மாசுற்ற பக்கத்திலிருந்து தூய பக்கத்துக்கு நகரும். நீருடன் மாசும் செல்லும். வெளியிலிருந்து யாரும் தள்ளாமலே மாசு தன் வழியைத் தானே அமைத்துக்கொள்கிறது என்று இதனைச் சொல்லலாம்.

மாசைக் கழுவும் முயற்சிகள்

சோப்பு எண்ணெய்ப்பிசுக்கை நீக்குவது, அதன் மூலக்கூறுகள் எண்ணெய்த்துளியைச் சூழ்ந்து நீரில் மிதக்கச் செய்வதால்தான். 1990களில் கனடாவின் போர்டன் படைத்தளத்திலும் அமெரிக்காவின் ஹில் விமானப்படைத் தளத்திலும், நிலத்தடியில் தேங்கிய கரைப்பான்களை இம்முறையில் கழுவி வெளியேற்றும் சோதனைகள் நடந்தன. பெருமளவு மாசு வெளிவந்தது. எனினும் கழுவிய நீரைக் கிணறுகள் வழியே முழுவதும் மீட்காவிட்டால், ஓரிடத்தில் அடங்கிக் கிடந்த மாசு பரவிவிடும் அபாயம் இதில் உண்டு. சில களிமண் வகைகளில் துகள்கள் கலைந்து நுண்துளைகள் அடைபடுவதும் உண்டு.

தீயணைப்பு நுரை தந்த பாடம்

1960களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகமும் 3எம் நிறுவனமும் எண்ணெய்த் தீயை விரைவில் அணைக்கும் நுரையை உருவாக்கின. 1967-இல் ஃபாரஸ்டல் என்னும் விமானந்தாங்கிக் கப்பலில் 134 பேர் தீயில் இறந்த பின் இதன் பயன்பாடு பெருகியது. இந்நுரையிலிருந்த பி.எஃப்.ஓ.எஸ். போன்ற ஃபுளோரின் சேர்மங்கள் மிக வலிமையான இழுவிசைக் குறைப்பிகள். இயற்கையில் சிதைவது மிக அரிது.

பயிற்சித் திடல்களில் தெளித்த நுரை பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் மேல்மண்ணிலேயே தங்கியிருந்தது. காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் இம்மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று 2018 முதல் வெளியான ஆய்வுகள் விளக்கின. நிறைவுறா மண்ணில் அத்தகைய பரப்பு ஏராளம். மண் ஈரமாகும்போது காற்றுக்குமிழிகள் குறைந்து அப்பரப்பு சுருங்குவதால், ஒட்டியிருந்தவை விடுபட்டு நிலத்தடி நீரை நோக்கி இறங்குகின்றன. பயன்பாடு நின்ற பிறகும் நீண்டகாலம் கசியும் கிடங்காக அம்மண் ஆகிவிடுகிறது. 2024-இல் அமெரிக்கா குடிநீரில் பி.எஃப்.ஓ.எஸ். அளவை லிட்டருக்கு 4 நானோகிராம் என வரையறுத்தது. 1962-இல் ஏ.பி.எஸ்.-க்கு வகுத்த அளவைவிட இது ஒரு லட்சம் மடங்குக்கும் குறைவு.

இன்றைய பொருத்தம்

துணி துவைத்த நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சுவது நீர்ப்பஞ்சமுள்ள நாடுகளில் பெருகி வருகிறது. தமிழகத்தில் வாழைக்கும் தென்னைக்கும் அதை விடுவது பழைய வழக்கம். இஸ்ரேலில் 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, சுத்திகரிக்காத சலவைநீர் தொடர்ந்து பாயும் மண்ணில் இக்குறைப்பிகள் சேர்வதையும், நுண்புழை ஏற்றம் குறைவதையும் காட்டியது. எளிதில் சிதையும் சோப்பைப் பயன்படுத்துதல், ஒரே இடத்தில் விடாமல் மாற்றி மாற்றிப் பாய்ச்சுதல், கிணற்றிலிருந்து விலகி விடுதல் ஆகியவை மண் தன் வேலையைச் செய்ய உதவும். காற்றோட்டமும் போதிய ஆழமும் உள்ள மண் நல்ல வடிகட்டிதான். ஆனால் அதில் இறங்கும் பொருள் சிதையக்கூடியதாக இருந்தால் மட்டுமே.